உப்பிட்டவரை ஊர் நினைத்த வரலாறு

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது நம் முன்னோர் மொழி. வீட்டுக்கு அழைத்து இலை போட்டு விருந்திட்டவரை மனத்தில் வைத்தே இது சொல்லப்பட்டது. காசு வாங்கிக்கொண்டு உப்பிட்டவரும் இதில் அடங்குவாரா? நாள்தோறும் விடியுமுன் எழுந்து நமக்கு இட்டலி அவித்துத் தந்தவருக்கு நாம் விலை கொடுத்துவிட்டோம். அத்துடன் கணக்குத் தீர்ந்ததா? அவரது அடுப்பு அணையும் நிலை வரும்போது, அதில் நமக்கும் ஏதேனும் பொறுப்பு உண்டா? வரலாற்றின் துணையோடு இக்கேள்வியைச் சற்று ஆராய்வோம்.

புத்தூரில் வாழும் நமக்கு இது வெறும் ஏட்டுக் கேள்வி அன்று. மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை நம் பகுதியில்தான் உள்ளது. புதுக்கோட்டை, பெரம்பலூர், அரியலூர், கரூர் பக்கங்களிலிருந்தும் ஏழை எளியோர் அங்கு வந்து சேர்கின்றனர். படுக்கையில் கிடக்கும் நோயாளிக்கு மருத்துவமனை உணவு தருகிறது. அவருக்குத் துணையாக வந்து, தாழ்வாரத்தில் துண்டை விரித்து இரவைக் கழிக்கும் தாய்க்கும் மனைவிக்கும் உணவு தருவது யார்? சாலையோரத் தள்ளுவண்டியும், நான்கு பெஞ்சு போட்ட மெஸ்ஸும், டீக்கடையும்தான். வயலூர் சாலையில் வெளியூரிலிருந்து வந்து தங்கிப் படிக்கும் மாணவர்களின் நிலையும் ஏறத்தாழ இதுவே. அந்தக் கடைகளை நடத்துவோர் பெரும் முதலாளிகள் அல்லர். காலையில் விற்ற காசுதான் மாலையில் வாங்கும் உளுந்தும் எண்ணெயும். ஒருநாள் விற்பனை நின்றால் மறுநாள் முதல் இல்லை.

2020ஆம் ஆண்டு மார்ச்சு 22 அன்று மக்கள் ஊரடங்கு கடைப்பிடிக்கப்பட்டது. மார்ச்சு 25 முதல் நாடு முழுவதும் அடங்கியது. உணவகங்கள் பார்சல் மட்டும் தரலாம் என்று அரசு அனுமதித்தது. அனுமதி இருந்தது, வாங்குவோர் இல்லை. பேருந்துகள் ஓடவில்லை, கல்லூரிகள் திறக்கவில்லை. அவ்வாண்டு ஜூன் 8 முதல் பாதி இருக்கைகளோடு நடத்தலாம் என்று தளர்வு வந்தது. நான்கு பெஞ்சு உள்ள கடையில் பாதி என்பது இரண்டு பெஞ்சு. அதன் வரும்படி வாடகைக்குக் காணுமா, சரக்கு மாஸ்டருக்குக் கூலி தருவதற்குக் காணுமா? மூச்சு வாங்கி எழுந்த வேளையில் 2021 மே 10 அன்று மீண்டும் முழு ஊரடங்கு. குறித்த சில மணி நேரங்களில் பார்சல் மட்டும் என்ற பழைய நிலை திரும்பியது. பல ஊர்களில் பல கடைகளின் கதவுகள் அப்போது மூடியவை. பிறகு திறக்கவே இல்லை. நோய் போய்விட்டது. விலையேற்றம் போகவில்லை. வணிகப் பயன்பாட்டுக்கான எரிவாயு உருளையின் விலை 2021 நவம்பரில் இரண்டாயிரம் ரூபாயைத் தாண்டிய செய்தியைக் கேட்ட சிறு கடைக்காரர் எவருக்கும் அன்றிரவு உறக்கம் வந்திராது.

இத்தகைய வேளையில் ஊர் என்ன செய்ய முடியும்? இதற்கு முன் எங்கேனும் ஊர் திரண்டு உணவகத்தைக் காத்ததுண்டா? உண்டு. அதைச் சொல்லுமுன், உணவகம் நம் நாட்டில் எப்படித் தோன்றியது என்பதைக் காண வேண்டும்.

சத்திரமும் கிளப்பும்

சமைத்த சோற்றை விலைக்கு விற்பதை உயர்ந்த செயலாகப் பழந்தமிழ்ச் சமூகம் கருதியதில்லை. வழிப்போக்கனுக்குச் சோறிடுவது அறம். அதற்குக் காசு கேட்பது இழுக்கு. ஆகவே வழிநெடுகச் சத்திரங்கள் எழுந்தன. திருச்சிராப்பள்ளியிலிருந்து ஆட்சி செய்த நாயக்க அரசி இராணி மங்கம்மாளின் பெயரைச் சாலைகளும் சத்திரங்களும் இன்றும் சொல்கின்றன. தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி ஒரத்தநாட்டில் முத்தம்பாள் சத்திரத்தை எழுப்பினார். 1867இல் வள்ளலார் வடலூரில் தருமசாலையைத் தொடங்கினார். இவற்றில் ஓர் ஒற்றுமை உண்டு. உண்பவரின் காசை நம்பி எந்த அடுப்பும் எரியவில்லை. அரசரின் நிலக்கொடையோ மக்களின் நன்கொடையோ பின்னால் நின்று தாங்கியது.

இரயில் வந்தது, நீதிமன்றங்களும் கல்லூரிகளும் அலுவலகங்களும் பெருகின. வீட்டை விட்டு வெளியே உண்ண வேண்டியவர்களின் தொகை வளர்ந்தது. காப்பி கிளப்புகளும் ஓட்டல்களும் தோன்றின. உணவு விலைபொருளாயிற்று. அந்த நாளில் ஊர் தன் தோளிலிருந்த ஒரு சுமையை ஓசையின்றி இறக்கி வைத்துவிட்டது. சத்திரத்தைத் தாங்கிய நிலக்கொடை கிளப்புக்கு இல்லை. அன்றன்று கல்லாப்பெட்டியில் விழும் சில்லறையே அதற்கு அடித்தளம். உணவுத் தொழிலின் பலவீனத்துக்கு வேர் இதுவே.

இன்னொரு குறையையும் மறைக்கலாகாது. அக்காலக் கிளப்புகளில் எல்லாரும் ஒரே வரிசையில் அமர்ந்து உண்ணவில்லை. சாதிக்கொரு இடம், சிலருக்கு இடமே இல்லை என்பதே நிலை. டீக்கடைகளில் இரட்டைக் குவளை இருந்தது. கடைகளுக்குள்ளும் பொது உணவகங்களுக்குள்ளும் நுழைவதற்குச் சாதியோ மதமோ தடையாகக் கூடாது என்று நம் அரசியல் சட்டத்தின் 15ஆம் பிரிவு பெயர் குறித்தே சொல்ல வேண்டியிருந்தது. 1955இல் தீண்டாமைக் குற்றச் சட்டம் உணவகத்தில் ஒருவரைத் தடுப்பதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. அதன் பின்னரும், 1957இல், சென்னைத் திருவல்லிக்கேணியில் முரளி கபே என்ற ஓட்டலின் பெயர்ப்பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை நீக்கக் கோரிப் பெரியாரின் தலைமையில் மாதக்கணக்கில் மறியல் நடந்தது, நூற்றுக்கணக்கானோர் கைதாயினர். ஊரார் ஓர் உணவகத்தைத் தாங்க வேண்டுமென்றால், அந்த உணவகத்தில் ஊரார் அனைவருக்கும் பெஞ்சில் இடமிருக்க வேண்டும். இது முதல் நிபந்தனை.

1957: மூடவிருந்த காப்பிக் கடைகள்

அதே 1957ஆம் ஆண்டில்தான் நாம் தேடும் நிகழ்ச்சியும் நடந்தது. அதன் வேர் உலகப் பொருளாதார நெருக்கடிக் காலத்தில் இருக்கிறது. 1930களில் இந்தியக் காப்பிக்கு வெளிநாட்டில் விலையில்லை. உள்நாட்டில் காப்பி குடிப்போரைப் பெருக்கினால்தான் தோட்டங்கள் பிழைக்கும் என்ற எண்ணத்தில் 1935இல் காப்பித் தீர்வைச் சட்டம் வந்தது. 1936இல் பம்பாய் சர்ச்கேட் பகுதியில் முதல் இந்தியா காப்பி ஹவுஸ் திறக்கப்பட்டது. பின்னர் காப்பி வாரியத்தின் பொறுப்பில் 1940களில் நாடெங்கும் ஏறத்தாழ 50 கடைகள் இயங்கின. மாணவரும் எழுத்தாளரும் வழக்கறிஞரும் தொழிற்சங்கத்தாரும் ஒரு குவளைக் காப்பியோடு மணிக்கணக்கில் அமர்ந்து பேசும் இடங்களாக அவை விளங்கின.

1950களின் நடுவில் வாரியம் தன் கொள்கையை மாற்றிக்கொண்டு இக்கடைகளை மூட முடிவு செய்தது. காப்பியைப் பரப்புவதற்காகவே கடைகள் தோன்றின. காப்பி பரவிவிட்ட பின் கடைகள் எதற்கு என்பது கணக்குப் புத்தகத்தின் நியாயம். பரிமாறியவர், பாத்திரம் துலக்கியவர், அடுப்படியில் நின்றவர் ஆகியோரின் வயிறு அந்தக் கணக்குப் புத்தகத்தில் எந்தப் பத்தியிலும் இல்லை.

அப்போது தொழிலாளருக்குத் துணை நின்றவர் பொதுவுடைமைத் தலைவர் ஏ.கே. கோபாலன். தொழிலாளரே கூட்டுறவுச் சங்கம் அமைத்துக் கடைகளை ஏற்று நடத்த வேண்டும் என்ற வழியை அவர் முன்வைத்துப் போராட்டத்தை நடத்தினார். வாரியம் இணங்கியது. பெங்களூரில் 1957 ஆகஸ்டு 19இல் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது. டில்லியில் மற்றொன்று. 1958 மார்ச்சு 8இல் திருச்சூரில் கேரளத்துத் தொழிலாளரின் முதல் காப்பி ஹவுஸ் திறக்கப்பட்டது. அதற்கு உழைத்தவர்களுள் முதன்மையானவரான என்.எஸ். பரமேசுவரன் பிள்ளை அவ்வரலாற்றைப் பின்னர் மலையாளத்தில் நூலாகவே எழுதினார். நம் அண்டை நகரான புதுச்சேரியிலும் நேரு வீதியில் இந்தியன் காப்பி ஹவுஸ் உண்டு என்பதை அங்குச் சென்றோர் அறிவர். விசிறி மடிப்புத் தலைப்பாகையோடு பரிமாற வரும் அந்த ஊழியர், கடையின் பங்குதாரரும் ஆவார். நிருவாகக் குழுவைத் தேர்ந்தெடுப்பவரும் அவரே.

தொழிலாளர் மட்டும் முயன்றிருந்தால் போதுமா? கல்கத்தாவின் கல்லூரிச் சாலைக் கடை வேறொரு பாடம் தருகிறது. ஆல்பர்ட் ஹால் என்ற பழைய கட்டடத்தில் 1942 முதல் நடந்துவந்த அந்தக் காப்பி ஹவுஸை 1958இல் மூட முடிவாயிற்று. அப்போது மாநிலக் கல்லூரியின் பேராசிரியர்களும் கல்கத்தாப் பல்கலைக்கழகப் பேராசிரியர்களும் அரசுக்கு விரைந்து மனு அளித்தனர். அவ்வாண்டிலேயே கடை மீண்டும் திறந்தது. இன்றளவும் நடக்கிறது. மனுவில் கையெழுத்திட்டவர்களுக்குக் காப்பி கிடைக்க வேறு இடம் இல்லாமற் போயிற்றா? கல்கத்தாவில் காப்பிக்குப் பஞ்சமா? அவர்கள் காக்க முயன்றது ஒரு குவளைக் காப்பியை அன்று. முகமறியாதவர் ஒரே மேசையில் அமர்ந்து பேசும் வழக்கத்தை அவர்கள் காத்தனர்.

ஏ.கே. கோபாலனின் அரசியலை ஏற்காத வாசகர் நம்மிடையே பலர் இருக்கக்கூடும். 1957-59 ஆண்டுகளில் கேரளத்தில் அவரது கட்சியின் ஆட்சியைத் திருச்சபை கடுமையாக எதிர்த்தது என்பதும் வரலாறே. ஆயினும் நல்ல செயல் எந்தக் கையிலிருந்து வந்தாலும் நல்ல செயல்தான். கூட்டுறவு என்பது ஒரு கட்சியின் தனிச்சொத்தும் அன்று. பெங்களூர்ச் சங்கம் தோன்றியதற்கு ஓராண்டுக்கு முன், 1956இல், ஸ்பெயின் நாட்டின் பாஸ்க் பகுதியிலுள்ள மோந்திராகோன் என்ற சிற்றூரில், அரிஸ்மெந்தியாரியெத்தா என்ற உதவிப் பங்குத் தந்தையின் தூண்டுதலால் அவரது மாணவர் சிலர் தொழிலாளர் கூட்டுறவு ஒன்றைத் தொடங்கினர். அது இன்று உலகின் மிகப் பெரிய தொழிலாளர் கூட்டுறவுகளுள் ஒன்று. நம் மாநிலத்திலும், மறியல் நடந்த அதே திருவல்லிக்கேணியில், அரை நூற்றாண்டுக்கு முன்பே, 1904இல், நுகர்வோர் கூடித் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவியிருந்தனர். இங்கிலாந்தின் ராச்டேல் நெசவாளர் 1844இல் காட்டிய வழி அது.

கூட்டம் கூடுவதும் கூடி நிற்பதும்

இந்த வரலாற்றோடு அண்மைக் கால நிகழ்ச்சிகளை ஒப்பிட்டுப் பார்ப்பது பயன் தரும். 2020 அக்டோபரில் டில்லி மாளவியா நகரில் ஒரு முதிய தம்பதியர் நடத்திய சிறு சாலையோர உணவுக்கடையில் விற்பனையே இல்லை. முதியவர் கண்ணீர் விட்ட காட்சியை ஒருவர் படம்பிடித்துப் பரப்பினார். மறுநாளே அங்கு நீண்ட வரிசை. நாடெங்குமிருந்து பணம் குவிந்தது. அடுத்து நடந்தவை வருத்தத்துக்குரியவை. பணத்தின் கணக்குப் பற்றி வழக்கு மூண்டது. வந்த பணத்தைக் கொண்டு திறந்த பெரிய உணவகம் சில மாதங்களில் மூடப்பட்டது. தம்பதியர் பழைய கடைக்கே திரும்பினர். அவர்களை நாம் குறைகூறவில்லை. வந்தவர்களின் இரக்கமும் பொய்யன்று. ஆனால் அந்த இரக்கத்துக்கு ஓர் ஒழுங்கு இல்லை. ஆயிரம் பேர் ஒருநாள் வருவதைவிட, முப்பது பேர் நாள்தோறும் வருவது ஒரு சிறு கடைக்கு மேலான உதவி.

பிரிட்டனில் அரசே கூட்டம் கூட்டியது. 2020 ஆகஸ்டு மாதம் முழுவதும், திங்கள் முதல் புதன் வரை, உணவகத்தில் அமர்ந்து உண்போருக்கு ஆளுக்குப் பத்துப் பவுன் வரம்புக்குள் பாதி விலையை அரசு ஏற்றது. 16 கோடிக்கு மேற்பட்ட உணவுகளுக்கு ஏறத்தாழ 85 கோடி பவுன் செலவாயிற்று. மாதம் முடிந்தது; சலுகையும் முடிந்தது; தொற்று பரவ அதுவும் ஒரு காரணமாயிற்று என ஆய்வாளர் பின்னர் எழுதினர்.

இவற்றினும் வேறான இரண்டு எடுத்துக்காட்டுகள் நம் பக்கத்திலேயே உண்டு. கோவைப் பேரூர் அருகே வடிவேலம்பாளையத்தில் எண்பது வயதைக் கடந்த கமலாத்தாள் ஒரு ரூபாய்க்கு இட்டலி விற்பது 2019இல் நாடறிந்த செய்தியாயிற்று. 2020 ஊரடங்கிலும் அவர் விலையை ஏற்றவில்லை. அவருக்கு உதவ விரும்பியோர் எதைத் தந்தனர்? விறகடுப்பில் வெந்துகொண்டிருந்தவருக்கு எரிவாயு இணைப்பு, அரிசியும் உளுந்தும், 2022இல் சமைத்து விற்கவும் வசிக்கவும் ஏற்ற ஒரு வீடு. அவர் செய்யும் தொழிலை எளிதாக்கும் உதவி இது. அவர் கையிலிருந்து கரண்டியைப் பிடுங்கி அவரை இரங்கத்தக்கவராக ஆக்கும் உதவி அன்று.

மற்றது கோழிக்கோட்டில் 2015இல் மாவட்ட நிருவாகமும் உணவக உரிமையாளர் சங்கமும் சேர்ந்து தொடங்கிய 'ஆபரேஷன் சுலைமானி' திட்டம். பசித்தவர் கிராம அலுவலகம் போன்ற இடங்களில் ஒரு கூப்பன் பெறலாம். அதைக் கொடுத்துத் திட்டத்தில் சேர்ந்துள்ள எந்த உணவகத்திலும் மற்றவரோடு அமர்ந்து உண்ணலாம். செலவை ஈடுசெய்ய உணவகங்களில் உண்டியல் வைக்கப்பட்டது. உண்டு முடித்தவர் விரும்பியதைப் போட்டனர். இங்குப் பசித்தவர் தனி வரிசையில் தட்டேந்தி நிற்கவில்லை. இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரிலும் இதைப் போன்றதொரு பழைய வழக்கம் உண்டு. ஒரு காப்பி குடித்துவிட்டு இரண்டுக்குக் காசு கொடுத்துச் செல்வார். மற்றொன்று பின்னால் வரும் முகமறியாத ஏழைக்கு. கொடுத்தவர் யாரென்று குடித்தவர் அறியார். கடைக்காரருக்கோ இரண்டு காப்பியும் விற்றுவிட்டது.

நம் ஊரும் நாமும்

இந்த வரலாற்றிலிருந்து நாம் பெறும் முடிவு எளிது. இரக்கம் கூட்டத்தைக் கூட்டும். ஏற்பாடே கடையை நிறுத்தும். சத்திரத்துக்குப் பின்னால் நிலக்கொடை இருந்தது போல, இன்றைய சிறு உணவகத்துக்குப் பின்னால் நிலையான ஏதேனும் ஒன்று இருக்க வேண்டும். மன்னர்கள் இல்லை, மானியம் எழுதித்தர நிலமும் நம்மிடம் இல்லை. ஆனால் ஊர் இருக்கிறது.

புத்தூர் போன்ற ஒரு பகுதியில் இதை எப்படித் தொடங்கலாம்? முதலாவது, முன்பணம். முற்காலத்தில் மெஸ்களில் மாதக் கணக்கு வைத்துக் கடைசியில் கொடுப்போம். அதைத் திருப்பி, மாதத்தின் முதல் நாளிலேயே இருபது சாப்பாட்டுக்கு உரிய தொகையைக் கொடுத்து டோக்கன் வாங்கிக்கொண்டால் என்ன? தினவட்டிக்குக் கடன் வாங்கிக் காய்கறி எடுக்கும் கடைக்காரருக்கு வட்டியில்லா முதல் கிடைக்கும். இரண்டாவது, பள்ளி, கல்லூரி, பங்கு, சங்கம் ஆகியவற்றின் விழாக்களுக்கு வேண்டும் சிற்றுண்டியைச் சுற்றியுள்ள சிறு கடைகளுக்கு முறைவைத்துப் பகிர்ந்து கொடுப்பது. கொடுத்த அன்றே பணத்தையும் கொடுத்துவிடுவது. பெரிய நிறுவனங்கள் மூன்று மாதம் கழித்துப் பில்லுக்குப் பணம் தந்தால், சிறு கடையால் தாங்க முடியாது. மூன்றாவது, மருத்துவமனைத் துணையாளருக்கான உணவுச் சீட்டு. கோழிக்கோட்டு வழியைப் பின்பற்றி, சீட்டைப் பொதுவான சிலர் வழங்கலாம், கடைகள் ஏற்கலாம், ஊரார் செலவைத் தாங்கலாம். வெளியிலிருந்து பொட்டலம் கட்டிவந்து மருத்துவமனை வாயிலில் வழங்குவது நல்ல எண்ணமே. ஆயினும் இலவசப் பொட்டலம் வரும் நாளில் எதிரேயுள்ள தள்ளுவண்டிக்காரரின் இட்டலி விற்காமல் ஊசிப்போகிறது என்பதையும் எண்ண வேண்டும். அதே பணத்தை அவரிடமே கொடுத்து அவர் இட்டலியையே வழங்கச் செய்தால் பசியும் தீரும், அவர் அடுப்பும் எரியும்.

கடைக்காரருக்கும் கடமைகள் உண்டு. சுத்தமும் நேர்மையான விலையும் எல்லாருக்கும் ஒரே குவளையும் அவற்றுள் தலையானவை. பாத்திரம் துலக்கும் பெண்ணுக்கும் பரிமாறும் இளைஞனுக்கும் உரிய கூலி தராத கடையை ஊர் தாங்க வேண்டுமென்று எவரும் கேட்க முடியாது. காப்பி ஹவுஸ் தொழிலாளர் பெற்ற வெற்றியின் பொருளே, சமைப்பவரும் பரிமாறுபவரும் அந்த மேசைக்கு உரியவர்கள் என்பதுதான்.

பெருந்தொற்று மீண்டும் வருமா, வெள்ளம் வருமா, விலையேற்றம் வருமா, நாம் அறியோம். ஏதோ ஒன்று வரும். வந்த பின் கூடிப் பேசுவதைவிட, வருமுன் டோக்கனும் சீட்டும் கணக்கும் வழக்கத்தில் இருந்தால் அந்த நாளில் ஊருக்குப் பதற்றம் குறையும். அதிகாலை ஐந்து மணிக்கு மருத்துவமனையிலிருந்து வெளியே வரும் ஒரு தாய், எதிரே அடுப்பு எரிவதைக் காண வேண்டும். அந்த அடுப்பை எரிய வைப்பது கடைக்காரர் ஒருவரின் வேலை மட்டும் அன்று, நம் வேலையும்தான்.